கிரேட்ஃபுல் டெட்: எந்த வாசலால் நுழைவது?

கே: நண்பர் சொன்னாரென்று கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'லைவ்/டெட்' ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டே 23 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். எனக்குத்தான் ரசனை போதவில்லையா?

ப: அதெல்லாம் இல்லை, நண்பர் காட்டிய வாசல்தான் தப்பு. அந்த 'டார்க் ஸ்டார்' 1968இல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. மேடையில் வளர்ந்து வளர்ந்து அடுத்த வருடமே இந்த நீளத்துக்கு வந்துவிட்டது. முதலில் 1970இல் வந்த 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்', 'அமெரிக்கன் பியூட்டி' இரண்டையும் கேளுங்கள். சின்னச் சின்னப் பாட்டுகள், பெரும்பாலும் ராபர்ட் ஹண்டரின் வரிகள், சேர்ந்து பாடும் குரல்கள். மெட்டுகள் வாயில் வந்த பிறகு, மேடையில் வாசித்ததைப் பதிவு செய்த 'யூரோப் '72'. அதற்கப்புறம் 'டார்க் ஸ்டார்' தானாகத் திறக்கும்.

கே: முப்பது வருடத்தில் 2,300 கச்சேரிகளாமே! முதலில் எதைக் கேட்பது?

ப: பலரும் சொல்வது 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம், பார்ட்டன் ஹால். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்த கச்சேரி இது. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிகிற இடமும் 'ஃபயர் ஆன் த மவுண்டன்' தொடங்குகிற இடமும் எதுவென்று பிடிக்க முடியாது; இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல். கச்சேரிப் பாட்டுப் பட்டியல்களில் பெயர்களுக்கு நடுவே அம்புக்குறி இருந்தால் இப்படி நிற்காமல் தொடர்ந்தார்கள் என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால் 1972 ஆகஸ்ட் 27, ஒரிகானில் உள்ள வெனிட்டா. பணமுடையில் இருந்த ஒரு தயிர் ஆலைக்கு நிதி திரட்ட, கொளுத்தும் வெயிலில் வாசித்தது. கார்னெல் பளபளவென்று இருக்கும். வெனிட்டாவில் வியர்வை தெரியும்.

கே: ஒரே பாட்டை ஐம்பது பதிவுகளில் கேட்கிறார்கள். அலுக்காதா சார்?

ப: ஒரே பல்லவியை நிரவல் செய்யும்போது நமக்கு அலுக்கிறதா? இங்கேயும் பாட்டு ஒரு சாக்குதான். 'பிளேயிங் இன் த பேண்ட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்த பாட்டு. 1974 மே 21 அன்று சியாட்டிலில் அதையே 46 நிமிடம் வாசித்தார்கள். அதன் முக்கியத் துணுக்கு பத்து அடிச் சுழற்சி. ஜாம், அதாவது எல்லோரும் சேர்ந்து மனோதர்மமாக வாசிப்பது, தொடங்கியதும் அந்தக் கணக்கு மெல்லக் கரைந்துவிடும், யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. பிறகு யாரோ ஒருவர் அந்தத் துணுக்கை லேசாகத் தொட்டுக் காட்டுவார். மற்றவர்கள் உடனே பிடிக்கவும் செய்யலாம், கண்டுகொள்ளாமல் இன்னும் சுற்றவும் செய்யலாம். அந்த இழுபறிக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்பது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரே பதிவை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை ஜெர்ரி கார்சியாவின் கிட்டார். முன்பு பாஞ்சோ வாசித்தவர் என்பது அந்தத் தனித்தனி ஸ்வரங்களில் தெரியும். அடுத்தது ஃபில் லெஷின் பேஸ் கிட்டார். இந்தக் குழுவுக்கு வரும்வரை அவர் பேஸைத் தொட்டதே இல்லை, டிரம்பெட் படித்தவர். அதனால் அடியில் உட்கார்ந்து தாங்காமல் கிட்டாரோடு எதிர்வாதம் செய்துகொண்டே போவார். மூன்றாவதாக பாப் வீரின் ரிதம் கிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் எதையோ வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர். அவர் இல்லாவிட்டால்தான் அவர் இருந்தது தெரியும்.

கே: இவர்களுக்குப் பாடத் தெரியாதா?

ப: பல இரவுகளில், ஆமாம். பழகிவிடும்.

கே: சில பதிவுகள் தெளிவாக இருக்கின்றன, சிலவற்றில் கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்கிறது. ஏன்?

ப: தெளிவானவை ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரடியாக எடுத்தவை. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சனின் பதிவு என்று கண்டால் யோசிக்காமல் எடுங்கள், கார்னெல் அவர் எடுத்ததுதான். இரைச்சல் உள்ளவை ரசிகர்கள் மைக் நட்டு எடுத்தவை. இதைக் குழுவே அனுமதித்தது, 1984இல் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. இன்டர்நெட் ஆர்கைவில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கேட்கலாம்.

கே: எண்பதுகளுக்கு அப்புறம் எதுவுமே தேறாதா?

ப: தேறும். 1989, 90 கச்சேரிகளில் நல்ல வேகம் உண்டு. 1990 மார்ச் 29, நாசோ அரங்கில் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் சாக்ஸஃபோனோடு சேர்ந்துகொண்ட 'ஐஸ் ஆஃப் த வேர்ல்ட்' கேட்டுப் பாருங்கள். அந்த ஜூலையில் கீபோர்டு கலைஞர் பிரென்ட் மிட்லண்ட் இறந்தார். 1995 ஆகஸ்டில் கார்சியாவும் போனார். கடைசி இரண்டு வருடப் பதிவுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள், மனசு கனத்துப்போகும்.

கே: கச்சேரிகளின் இரண்டாம் பாதியில் வரும் அந்த நீண்ட டிரம்ஸ் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகலாமா அண்ணா?

ப: நானும் பல வருடம் தள்ளிவிட்டுத்தான் போனேன். எனக்கு வழி திறந்தது வேறு பக்கத்திலிருந்து. இந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991இல் 'பிளானட் டிரம்' என்றொரு ஆல்பம் செய்தார். ஜாகிர் உசேன் தபலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம். உலக இசைக்கென்று முதன்முதலாகக் கொடுத்த கிராமி அதற்குத்தான். அதை ஹெட்ஃபோனில் இரண்டு தடவை கேட்டுவிட்டு, அதே வருடக் கச்சேரி ஒன்றின் டிரம்ஸ் பகுதிக்குப் போங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் தாராளமாகத் தள்ளிவிடுங்கள்.