மழலையும் எழுத்தும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டு மொழி படுகம். நான்கு வயது மகனை ஆங்கில வழிப் பள்ளியில் எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறோம். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும் என்று பள்ளியில் கூறியதால், எனக்குத் தெரிந்த சில வாக்கியங்களைக் கொண்டு பேசி வருகிறேன். முன்பு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் இப்போது ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். நான் செய்வது சரிதானா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரி, இன்று மாலையே படுக மொழிக்குத் திரும்பிவிடுங்கள். பள்ளி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கும். ஆயினும் அந்த அறிவுரை உங்கள் மகனுக்கு உதவாது. ஒரு மொழியில் சில வாக்கியங்கள் மட்டுமே அறிந்த ஒருவரால் ‘வா, உட்கார், சாப்பிடு, கை கழுவு’ என்பதற்கு மேல் அம்மொழியில் பேச இயலாது. குழந்தையின் சொல்வளம் ஏவல்களால் பெருகுவதில்லை. ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆயிற்று என்று நீண்டுகொண்டே போகும் பேச்சில்தான் அது பெருகுகிறது. கொழுந்தைப் பறித்துவிட்டு முற்றிய இலையை ஏன் விட்டுவைக்கிறோம், கவ்வாத்து செய்த தேயிலைச் செடி ஏன் மொட்டையாக நிற்கிறது, ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் பெரியவர்கள் ஏன் வெள்ளை உடுத்துகிறார்கள் என்று அவன் கேட்டால், தடுமாறாமல் விளக்க உங்களுக்கு எந்த மொழி கைவருகிறதோ அந்த மொழியில் விளக்குங்கள். பொருள் மனத்தில் பதிந்துவிட்டால், அதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் கற்றுக்கொள்வது எளிது. பொருளே புரியாத குழந்தைக்கு ஆங்கிலப் பெயர் வெறும் ஓசைதான். தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்று யுனெஸ்கோ 1953ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருக்கிறது என்பதைப் பள்ளியில் பேசும்போது நினைவூட்டலாம்.

படுகத்துக்குப் பரவலாக வழங்கும் தனி எழுத்து இல்லை என்பதால் எழுத்தறிவுக்கு அது பயன்படாது என்று எண்ண வேண்டாம். அவன் சொல்லும் ஒரு செய்தியை, அவன் கண்முன்னே, தமிழ் எழுத்தில் ஒரு வரியாக எழுதி, விரலை வைத்து வாசித்துக் காட்டுங்கள். படுக ஒலிகள் எல்லாம் தமிழ் எழுத்துக்குள் அடங்கமாட்டா. அது இங்கே ஒரு குறையாகாது. தான் பேசியது தாளில் நிற்கிறது, அதை அம்மாவால் மீண்டும் அப்படியே சொல்ல முடிகிறது என்பதை அவன் கண்டுகொள்வதே வாசிப்பின் முதற்படி.

தாய்மொழிக்குத் திரும்பிய பின்னும் சில வாரங்கள் அவன் பேச்சு இப்படியே குறைந்திருந்தால், அரசு மருத்துவமனையில் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள். அடிக்கடி சளிபிடிக்கும் சிறுவர்களுக்குக் நடுக்காதில் நீர் கோத்து, கேட்கும் திறன் தற்காலிகமாக மங்குவதுண்டு; மலைக்குளிரில் சளியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத வழக்கத்தால் அது கவனிக்கப்படாமலே போய்விடுகிறது.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. 247 எழுத்துகளையும் வரிசை தவறாமல் ஒப்பிக்கிறாள். புத்தகத்தைக் கொடுத்தால் ‘தேன்’, ‘கொடி’ போன்ற சொற்களிலேயே நின்றுவிடுகிறாள். எழுத்துக்கூட்டி ஒரு வரியை முடித்த பிறகு என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறாள். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் அவளை அரும்பு நிலையில் வைத்திருக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, பந்தலூர்

பதில்: அவமானத்தை முதலில் விட்டுவிடுங்கள், ஐயா. ‘எண்ணும் எழுத்தும்’ என்பது தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் வசப்படத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய திட்டம். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை, எந்தக் குழந்தைக்கு எதிலிருந்து கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் அறிந்துகொள்வதற்கான பிரிவுகள். தரவரிசைப் பட்டியல் அன்று.

ஒப்பிப்பதும் வாசிப்பதும் வெவ்வேறு திறன்கள். ‘க, கா, கி, கீ’ என்று பாட்டாகச் சொல்லும் குழந்தைக்கு அந்த இராகமே அடுத்த எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடும். வரிசையைக் கலைத்து ஓர் எழுத்தை மட்டும் சுட்டினால்தான் அவள் அறிந்தது எவ்வளவு என்பது தெரியவரும். அவள் ‘தேன்’ என்ற சொல்லில் நிற்பதற்கும் காரணம் உண்டு. வாயில் முதலில் வருவது ‘த்’ என்ற மெய்யொலி. கண்ணில் முதலில் படுவதோ இடப்பக்கக் கொம்பு. ‘கொடி’யில் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. எனவே, கொம்பைத் தாண்டி நடு எழுத்தை முதலில் கண்டுபிடிக்கவும், பின்பு அதன் இடமும் வலமும் பார்க்கவும் பழக்குங்கள். குறியை ஒரு நிறத்திலும் எழுத்தை வேறு நிறத்திலும் சில நாள் எழுதிக் காட்டினால் கண் பழகிவிடும். கு, சு, டு, து என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் கொள்ளும் உகர வரிசைக்கு எந்தக் குறுக்குவழியும் இல்லை. சொற்களில் அடிக்கடி கண்டுதான் பழக வேண்டும். இத்தகைய எழுத்துமுறையைக் கன்னடக் குழந்தைகள் கற்பதை ஆராய்ந்தவர்கள், எழுத்துகள் முழுவதும் வசப்பட மூன்றாம், நான்காம் வகுப்புவரைகூட ஆவதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் மகள் இப்போது இருப்பது இரண்டாம் வகுப்பில்.

247ஐயும் முடித்த பிறகே சொற்கள் என்ற முறை எனக்கு உடன்பாடில்லை. ப, ட, ம, ர ஆகிய நான்கும் புள்ளியும் தெரிந்தாலே படம், மரம், மடம், பட்டம், மட்டம் என்று வாசிக்கலாம். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம், மாமரம் என்று விரியும். நாலைந்து எழுத்து, உடனே சொல், உடனே பொருள் என்று போனால், வரியை முடித்த பிறகு விழிக்க நேராது.

இங்கேதான் சொல்வளம் வாசிப்போடு பின்னிக்கொள்கிறது. ‘பம்பரம்’ என்ற சொல்லில் இரண்டு பகரங்கள் உள்ளன. எழுத்து ஒன்றுதான், ஒலியோ இடத்துக்கு இடம் மாறுகிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகியவற்றில் ககரமும் அப்படியே. எழுத்து காட்டாத அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்வது, முன்பே காதால் கேட்டறிந்த சொல். ஒரு சொல்லை இதுவரை கேட்டே அறியாத குழந்தை அதை எழுத்துக்கூட்டி உச்சரித்தாலும், தான் உச்சரித்தது எதுவென்று அடையாளம் காணமாட்டாள். ஆகவே புதிய பாடத்தை வாசிக்கச் சொல்லுமுன், அதில் வரும் அரிய சொற்களை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே உங்கள் பேச்சில் புழங்கவிடுங்கள். பந்தலூரின் மழைக்கால விடுமுறை நாட்களைவிட இதற்கு ஏற்ற நேரம் கிடைக்காது!

கேள்வி: நானும் கணவரும் பூண்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவதால், மூன்று வயது மகனை என் மாமியார் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் செல்பேசியில் குழந்தைப் பாடல்களைப் போட்டுக் கொடுக்கிறோம். அது போதுமா?
– ஒரு வாசகி, பூம்பாறை

பதில்: போதாது. பாட்டியே போதும். செல்பேசி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். குழந்தை சொல்லும் மறுமொழிக்குக் காத்திருக்காது. அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், படக்கதைப் புத்தகத்தைக் காட்டும்போது குழந்தையிடம் விரிவான கேள்விகள் கேட்டு, அது சொன்னதை இன்னும் சற்று நீட்டிச் சொல்லுமாறு சில பெற்றோருக்குப் பயிற்சி அளித்தார்கள். வழக்கம்போல் வாசித்துக் காட்டியவர்களின் குழந்தைகளைவிட, இவர்களின் குழந்தைகள் ஒரே மாதத்தில் பேச்சுத்திறனில் முந்தியிருந்தார்கள். இம்முறையின் உயிர் கேள்வியில் இருப்பதால், படம் மட்டும் உள்ள ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்தறியாத பாட்டியும் இதைச் செய்யலாம். பேரன் ‘நாய்’ என்றால், ‘ஆமாம், கறுப்பு நாய், எதற்காக ஓடுகிறது?’ என்று அவர் தொடர்ந்தால் போதுமானது. புத்தகத்தை அங்கன்வாடியிலோ கிளை நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

எழுத்தை இப்போதே எழுதச் சொல்லி விரலை வருத்த வேண்டாம். பேருந்தின் பலகையிலும் கடைப் பெயரிலும் அவன் பெயரின் முதலெழுத்து தென்பட்டால் சுட்டிக்காட்டுங்கள். மூன்று வயதுக்கு எழுத்துப் பாடம் அவ்வளவுதான்.