தோள்பட்டை அடிக்கடி நழுவுகிறது, விரல்களும் அளவுக்கு மீறி வளைகின்றன. மூட்டுகள் இயல்பை மீறி வளையும் ஹைப்பர்மொபிலிட்டியா இது?

இருக்கலாம். மருத்துவர்கள் பார்ப்பது பெய்டன் அளவீடு, மொத்தம் 9 புள்ளி. சுண்டுவிரல் 90 டிகிரிக்கு மேல் பின்னால் வளைவது, கட்டைவிரல் முன்கையைத் தொடுவது, முழங்கையும் முழங்காலும் 10 டிகிரிக்கு மேல் பின்னோக்கிப் போவது, இவற்றுக்கு இடம், வலம் எனப் பக்கத்துக்கு ஒரு புள்ளி. முழங்கால் மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் இன்னொன்று. 50 வயது வரையுள்ள பெரியவர்களுக்கு 5 வந்தாலே சந்தேகப்படுவார்கள். வேடிக்கை என்னவென்றால், தோள் இந்தக் கணக்கிலேயே இல்லை. அதனால் புள்ளி குறைந்தாலும் தோளைக் காட்டத்தான் வேண்டும்.

கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பின்னால் திருப்பும் நிலைதான் பெரிய ஆபத்து. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்திருக்கும்போது திடீர் பிரேக், முன்சீட்டிலிருந்து பின்சீட்டுப் பையை எடுப்பது, தலைக்கு மேல் கை வைத்துத் தூங்குவது. சட்டையை நழுவும் கைக்கு முதலில் மாட்டுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக.

தளர்ந்த தசைநாரைப் பயிற்சியால் இறுக்க முடியாது. சுற்றியுள்ள தசையைத்தான் பலப்படுத்த முடியும். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை 90 டிகிரி மடக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டு வையுங்கள். புறங்கையால் சுவரைப் பாதி பலத்தில் 5 விநாடி அழுத்துங்கள், 10 முறை. துண்டு விழுந்தால் தோளை வைத்துத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். வலித்தால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். ஸ்ட்ரெச்சிங் வேண்டாம்.

முழுதாக நழுவி நின்றுவிட்டால் யாரையும் இழுக்க விடாதீர்கள். கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். மரத்துப்போனாலோ விரல் வெளுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.