வரவேற்பறையின் ஒரு மூலை: குறைந்த செலவில் சீரமைப்பது பற்றிய கேள்வி பதில்

வீட்டு உள்ளமைப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில், வரவேற்பறையில் வீணாகக் கிடக்கும் மூலையை அதிகச் செலவின்றி உட்காரத் தகுந்த இடமாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் வரவேற்பறையில் ஒரு மூலை காலியாக இருக்கிறது. கையிலிருக்கும் பணம் கொஞ்சம்தான். எதிலிருந்து தொடங்குவது?

எதையும் வாங்காமல் தொடங்குங்கள். அந்த மூலையில் யார், எந்த நேரத்தில், என்ன செய்யப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலையில் செய்தித்தாள் படிப்பவரின் தேவை வேறு, இரவில் தையல் வேலையோடு அமர்பவரின் தேவை வேறு.

அடுத்தது அளவு. நாற்காலி, சிறுமேசை, அலமாரி ஆகியவை தரையில் பிடிக்கும் இடத்தைப் பழைய செய்தித்தாளில் அதே அளவுக்கு வெட்டித் தரையில் ஒட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள்கள் வழக்கம்போல் நடமாடுங்கள். கதவைத் திறக்கும்போது அது தாளின் மேல் வருகிறதா, ஜன்னலை மூடக் கை எட்டுமா, இருட்டில் எழுந்து வருபவர் தாளை மிதிக்கிறாரா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். நடக்கும் வழிக்குக் குறைந்தது 75 செ.மீ., முடிந்தால் 90 செ.மீ. மிஞ்ச வேண்டும். நாற்காலியைச் சற்றுத் திருப்பி அறையின் நடுவைப் பார்த்தபடி போட்டால் அமர்வதற்கு இதமாக இருக்கும். ஆனால் அப்போது அது கூடுதல் இடம் பிடிக்கும் என்பதால், அதையும் தாளிலேயே சோதித்துவிடுங்கள்.

பணத்தை முதலில் இருக்கைக்கும், அடுத்து விளக்குக்கும், பிறகு கைக்கெட்டும் ஒரு சிறுமேசைக்கும் ஒதுக்குங்கள். மேசையின் உயரம் நாற்காலியின் கைப்பிடிக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தால் போதும். அலங்காரப் பொருள்களை மிஞ்சிய பணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கூரை விளக்கு நன்றாகவே எரிகிறது. ஆனாலும் மூலையில் உட்கார்ந்து படித்தால் கண் சோர்ந்துவிடுகிறது. ஏன்?

மூலையில் அமர்பவர் அறையின் நடுவை நோக்கி அமர்கிறார். கூரை விளக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆகவே அந்த ஒளியில் பெரும்பகுதி அவர் கையிலுள்ள புத்தகத்தின் அட்டையில் விழுகிறது. படிக்கும் பக்கமோ நிழலில் இருக்கிறது. போதாக்குறைக்கு விளக்கின் கூச்சம் நேராகக் கண்ணில் படுகிறது. கூரை விளக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் குறை தீராது.

தேவைப்படுவது தோளுக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் நிற்கும் ஒரு விளக்கு. அதன் மூடியின் கீழ்விளிம்பு, அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் பல்பு கண்ணில் படாது. 800 லூமன் (ஒளியின் அளவைச் சொல்லும் எண்) தரும் எல்இடி பல்பு போதும். அதற்கு 8 முதல் 10 வாட்தான் செலவாகும். விளக்குக்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் பக்கத்தில் விழும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், அலமாரி விளிம்பில் கவ்வி நிற்கும் மலிவான கிளிப் விளக்கே பல வீடுகளுக்குப் போதுமானது. இரவு நேர மூலைக்கு 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) வரையிலான இளமஞ்சள் ஒளியைப் பரிந்துரைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை: விளக்கின் ஒயரைச் சுவரோரமாகக் கொண்டு செல்லுங்கள். தரைவிரிப்புக்கு அடியில் ஒருபோதும் கொண்டு செல்லாதீர்கள். மிதிபட்டு உறை தேய்வதும் வெளியே தெரியாது, உள்ளே சேரும் சூடும் வெளியேறாது. தீப்பிடிக்க அது போதும்.

கேள்வி: மஞ்சள் ஒளியில் படித்தால் பார்வை கெடும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். 6500 கெல்வின் வெள்ளை விளக்கல்லவா போட வேண்டும்? நீங்கள் தவறாக வழிகாட்டுகிறீர்கள்.

இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். பழைய 40 வாட் குண்டு பல்பு சுமார் 400 லூமன் ஒளிதான் தந்தது. அதை எடுத்துவிட்டு வந்த நீளக் குழல்விளக்கு 2,000 லூமனுக்கும் மேல் தந்தது. முதலாவது மஞ்சள், இரண்டாவது வெள்ளை. எழுத்து தெளிவாகத் தெரிந்ததற்குக் காரணம் ஒளியின் அளவு கூடியது. பெயர் கிடைத்ததோ நிறத்துக்கு. கெல்வின் என்பது நிறத்தைக் குறிப்பது, லூமன் என்பது அளவைக் குறிப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மங்கிய ஒளியில் படித்தால் கண் களைத்துப் போகும், தலை வலிக்கும்; ஆனால் அதனால் பார்வை நிரந்தரமாகக் கெட்டுவிடாது.

கேள்வி (அவரை ஆதரித்து மற்றொருவர்): ஒரே லூமன் உள்ள இரண்டு பல்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வெள்ளையில்தான் எழுத்து கூர்மையாகத் தெரிகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் கண்டது உண்மை. நீலம் கலந்த ஒளியில் கண்ணின் பாவை சற்றுக் கூடுதலாகச் சுருங்குகிறது. அதனால் நுண்ணிய விவரங்கள் கூர்மையாகத் தெரிகின்றன. பகலில் ஊசி நூலோடு அமர்பவருக்கு 4000 கெல்வின் விளக்கையே நானும் சொல்வேன். ஆனால் இந்த மூலையில் உறங்கப் போகுமுன் ஒரு மணி நேரம் அமர விரும்புகிறவர்களே அதிகம் கேட்டிருக்கிறார்கள். இரவில் நீலம் மிகுந்த ஒளி, உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. தவிர, மற்ற விளக்குகளைத் தணித்த அறையின் ஒரு மூலையில் மட்டும் 6500 கெல்வின் எரிந்தால் அது கண்ணை உறுத்துமே தவிர அமரத் தூண்டாது.

கேள்வி (மூன்றாமவர்): இருவர் சொல்வதும் சரியென்றால் எதை வாங்குவது?

பகல் வேலையும் இரவு வாசிப்பும் அதே இடத்தில்தான் நடக்கும் என்றால், நிறத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள பல்பை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் படிக்கும் விளக்குக்கு 3000 கெல்வின் என்று வைத்துக்கொண்டு, லூமனைக் குறைக்காமல் பாருங்கள். உறையில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் கவனியுங்கள். அது 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் துணியின், நூலின் நிறம் உள்ளபடி தெரியும். விளக்கின் நிறம் பற்றி இன்னும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் இதுவே விடை.

கேள்வி: எந்த நிறுவனத்தின் சோபா நல்லது?

நிறுவனப் பெயர்களைப் பரிந்துரைப்பதில்லை. உட்காரும் உயரம் 40 முதல் 45 செ.மீ. வரை இருக்கிறதா, சாய்ந்து அமரும்போது பாதம் தரையில் முழுதாகப் படிகிறதா என்று நீங்களே அமர்ந்து பாருங்கள்.

கேள்வி: பழைய நாற்காலி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சட்டம் உறுதியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். புதியதைவிட நல்ல மரம் கிடைக்கக்கூடும். முதுகைப் பிடித்துக் குறுக்காக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இணைப்பு தளர்ந்திருக்கிறது; பசை வைத்து இறுக்கினால் சரியாகிவிடும். மரமே பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள். குஷனை எடுத்துவிட்டுத் தையல் மடிப்புகளை டார்ச் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அவை மூட்டைப்பூச்சியின் எச்சம், விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அமுங்கிப்போன ஃபோமை மட்டும் மாற்றுவது அதிகச் செலவில்லை. இருக்கைக்கு 32 அடர்த்திக்கு (கன மீட்டருக்கு 32 கிலோ) குறையாததைக் கேளுங்கள். அடர்த்தி என்பது உழைப்பைச் சொல்வது. மென்மையா கடினமா என்பது வேறு கணக்கு, அதை அமர்ந்து பார்த்துத் தீர்மானியுங்கள்.

கேள்வி: ஒரு மீட்டர் நீளமுள்ள பார்ட்டிகிள் போர்டு அலமாரியில் புத்தகம் அடுக்கினேன். ஒரே ஆண்டில் நடுவில் தொய்ந்துவிட்டது. புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு நெருக்கி அடுக்கிய புத்தகங்கள் 25 முதல் 35 கிலோ வரை எடை வரும். தாங்கல் இல்லாத நீளம் 60 செ.மீ.யிலிருந்து 90 செ.மீ. ஆனால், அதே நெருக்கத்தில் அடுக்கிய பலகையின் தொய்வு ஐந்து மடங்காகிறது. ஆகவே தடிமனான பலகையைத் தேடுவதைவிட நீளத்தைக் குறைப்பதே மலிவான வழி. பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, நடுவில் செங்குத்தாக ஒரு பலகைத் துண்டை நிறுத்துங்கள். கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை எல்லாத் துண்டுகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அப்படிச் செய்ய இடமில்லையென்றால், முன்விளிம்பின் அடியில் நான்கு செ.மீ. உயரமுள்ள மரச்சட்டம் ஒன்றைப் பசை வைத்து ஸ்க்ரூவால் முடுக்குங்கள்.

கேள்வி: செடி வைத்தால் மூலையின் காற்று சுத்தமாகும் அல்லவா?

அழகுக்காக வையுங்கள். செடி காற்றைச் சுத்தமாக்கும் என்பதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும், 1989இல் வெளியான நாசாவின் ஆய்வு மூடிய சிறு கூண்டுகளில் நடந்தது. காற்று வந்துபோகும் அறையில் ஓரிரு தொட்டிகளால் குறிப்பிடத்தக்க மாற்றம் வராது. பூனையோ நாயோ இருந்தால் மணி பிளாண்டை எட்டாத இடத்தில் வையுங்கள். அதைத் தின்றால் அவற்றின் வாய் எரியும்.

கேள்வி: சுவர் மூலையில் கரும்பூசணம் படர்கிறது. திரை போட்டு மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். முதலில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று கட்டடப் பணியாளரிடம் காட்டுங்கள். கசிவு இல்லையென்றால், பொருள்களைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் போட்டுக் காற்றோட விடுங்கள்.

கேள்வி: எந்த சோபா வாங்கலாம்?

மேலே சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: பிளக் தூரத்தில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயரை விரிப்புக்கு அடியில் விடலாமா? மெல்லிய விரிப்புதான்.

கூடாது. மெல்லிய விரிப்பானாலும் கூடாது. ஒயர் மேடாகத் தெரியாதபடி ஒட்டுநாடாவால் மூடிவிடுகிறேன் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார், அதுவும் கூடாது. சுவரோரமாக ஒயரைச் சுற்றிக் கொண்டுவர நீளம் போதாவிட்டால், எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த மூலையிலேயே ஒரு பிளக் வைக்கச் சொல்லுங்கள். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் வேண்டாம்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் துளையிட அனுமதி இல்லை. இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. ஆளுயர அலமாரி வைக்கலாமா?

வைக்காதீர்கள். ஆளுயர அலமாரியைச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். குழந்தை கீழ்த்தட்டில் ஏறி நின்றாலே அது முன்னால் சாய்ந்துவிடக்கூடும். உங்கள் இடுப்பளவுக்கும் தாழ்ந்த, அகலமான அலமாரியை வைத்து, கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டில் அடுக்குங்கள். குழந்தையை ஈர்க்கும் பொருள் எதையும் அதன் மேல் வைக்காதீர்கள். உயரமானதுதான் வேண்டும் என்றால், இரண்டு துளைகளுக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். காலி செய்யும்போது அடைத்துப் பூசித் தருவதாகச் சொன்னால் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள்.