மறுமொழி: குக்கரில் பாஸ்தா அடிபிடிப்பதும் பால் திரிவதும்

வணக்கம். பாலையும் க்ரீமையும் பாஸ்தாவோடு சேர்த்தே மின்சார பிரஷர் குக்கரில் வைத்ததாகவும், பால் திரிந்து, அடிபிடித்து, எச்சரிக்கை ஒலி எழுந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பிழை உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை; சேர்த்த வரிசையில்தான் இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் வெப்பம் 100 பாகை செல்சியஸைத் தாண்டிவிடுவதால், பாலிலுள்ள புரதம் அடியில் படிந்து கருகிவிடுகிறது.

250 கிராம் பென்னே பாஸ்தாவுக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர் போதும். வெண்ணெயில் பூண்டை வதக்கியதும் சிறிது தண்ணீர் விட்டு அடியை மரக்கரண்டியால் நன்றாகச் சுரண்டிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் எச்சரிக்கை மீண்டும் வரும். பிறகு மீதித் தண்ணீர், உப்பு, பாஸ்தா ஆகியவற்றைச் சேர்த்து, பொட்டலத்தில் 11 நிமிடம் என்றிருந்தால் 4 நிமிடம் மட்டும் அழுத்தத்தில் வேகவிடுங்கள். மாவுச்சத்தினால் நுரை பொங்கும் என்பதால் ஆவியை ஒரேயடியாகத் திறந்துவிடாமல், இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக வெளியேற்றுவதே பாதுகாப்பானது.

எஞ்சிய நீரை வடிக்க வேண்டாம். குழம்புக்குக் கெட்டித்தன்மை தருவது அதுதான். குக்கரை அணைத்தபின் 100 மில்லி க்ரீமையும், துருவிய சீஸைச் சிறிது சிறிதாகவும் சேர்த்துக் கிளறுங்கள். முதலில் நீர்த்திருந்தாலும், ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும்.