ஐயைக்கு இடம் உண்டா?

அன்புள்ள அக்கா,

மௌல்மீனில் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒன்றாகப் படித்த நாங்கள் 9 பேர் ஒரு கதைப் பரிமாற்றம் நடத்தப் போகிறோம். காவியங்களில் யாரும் கண்டுகொள்ளாத பாத்திரம் ஒன்றை ஒருவர் கேட்க, இன்னொருவர் அவரை வைத்துக் கதை எழுதித் தர வேண்டும். யாரைச் சேர்ப்பது என்பதில்தான் சண்டை. ஒருவர் கர்ணனைக் கேட்கிறார். ‘ஒரே படலம் அல்லது காதையோடு முடிந்துவிடுபவர்கள் மட்டும்’ என்று நான் விதி சொன்னேன். அதையும் ஏற்கவில்லை. இரண்டு பேருக்குத் தமிழைவிடப் பர்மிய மொழியில்தான் நன்றாக எழுத வரும். சேர்க்கலாமா? பர்மியப் புத்தாண்டான திங்யானுக்கு முதல் நாள் கடைசித் தேதி.

ச., மௌல்மீன்

அன்புள்ள ச.,

கர்ணனா? சிவாஜி கணேசன் நடித்து 1964இலேயே படம் வந்துவிட்டது. அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டது யாராம்?

ஆனால் உங்கள் விதியும் சரிப்படாது. கம்பனில் அகலிகைக்கு ஒரே படலம்தான், அதனால் உள்ளே வந்துவிடுவாள். புதுமைப்பித்தன் 1943இல் சாபவிமோசனம் எழுதியதையும், அவருக்கு முன்னும் பின்னும் அவளைத் தொட்டவர்களையும் நினைத்துப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரியின் மகள் ஐயையோ வெளியே நிற்பாள். மதுரைக்கு வெளியே ஆயர் குடியிருப்பில், கோவலனுக்குக் கடைசிச் சாப்பாடு சமைக்கிறாள் கண்ணகி. காய் நறுக்கி விரல் சிவந்துபோகிறது. பக்கத்தில் வைக்கோலால் அடுப்பு மூட்டிக் கொடுக்கிற பெண் ஐயை. குரவைக் கூத்திலும் இருக்கிறாள். தாய் தீயில் விழுந்து இறந்த பிறகு, மற்றப் பெண்களோடு வஞ்சிக்கும் வருகிறாள். இத்தனை இடத்தில் தலை காட்டுகிறவளை வைத்து ஒரு கதை சொல்லுங்கள் பார்ப்போம் என்றால் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஆகவே கவி எவ்வளவு இடம் கொடுத்தார் என்று அளக்காதீர்கள். பின்னால் வந்தவர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்று பாருங்கள். 2003 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் இணையத்தில் நடக்கிற யூல்டைட் என்ற கதைப் பரிமாற்றத்தில், ஏற்கெனவே ரசிகர் கதைகள் குவிந்துகிடக்கிற படைப்புகளைச் சேர்ப்பதில்லை. அவர்கள் எண்ணிப் பார்க்க ஒரு கிடங்கு இருக்கிறது. நமக்கு அது இல்லை, 9 தலைகள் இருக்கின்றன. ஒரு பெயரைச் சொன்னதும், அவரை நடுவில் வைத்த சிறுகதை, நாடகம், படம், சீரியல் என்று 3 ஞாபகம் வந்தால் அவர் வெளியே. மூன்றா இரண்டா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் பட்டியல் கைக்கு வருமுன் எண்ணை முடிவு செய்துவிடுங்கள்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. முன்பு இங்கே யாங்கோனில் ஒரு கதைப் போட்டி வைத்தேன். பெயர்கள் எல்லாம் வந்த பிறகு, ‘பெயரில்லாத பாத்திரம் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தேன். சிலம்பின் பொற்கொல்லனைக் கேட்டிருந்த பையன் ஒருவனை மட்டும்தான் அது பாதித்தது. அவன் சண்டை போடவில்லை, அப்புறம் வரவும் இல்லை. நல்ல தேர்வு அது. சிலம்பைத் திருடியவன் அன்று ராத்திரி வீட்டில் என்ன சொன்னான்?

பர்மிய மொழியில் எழுதுகிறவர்களைத் தாராளமாகச் சேருங்கள். கேட்பவர் எந்த மொழியில் வாசிப்பார் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லி, அதற்கேற்ப ஜோடி சேர்த்தால் போதும். யாரையும் இரக்கப்பட்டுச் சேர்த்ததாக இருக்காது. ஒன்று மட்டும்: பர்மிய ராமாயணமான யாமா ஸாத்தோவிலிருந்து திதாவைக் கேட்டால் அவளும் சீதைதான். மொழி மாற்றி உள்ளே நுழைய விடாதீர்கள்.

யூல்டைட்டில் குறைந்தது 1000 சொல். நாம் ‘வந்துகொண்டிருந்தவளிடமிருந்து’ என்று ஒரே சொல்லாக ஒட்டி எழுதுகிறவர்கள். நமக்கு 600 போதும்.

திங்யானுக்கு முதல் நாள் வேண்டவே வேண்டாம். சித்திரைப் பிறப்பும் அதோடு ஒட்டி வருகிறது, வீட்டில் யார் உட்கார்ந்து எழுதுவார்கள்? 2 வாரம் முன்னால் வையுங்கள். கரண்ட் இல்லாத ஊரில் நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாதவர் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால் குற்றமில்லை. சொல்லாமல் காணாமல் போகிறவருக்கு அடுத்த முறை இடம் கிடையாது.

அப்படி யாராவது கைவிரித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். 9 பேரில் ஒருவர்கூடக் கதை கிடைக்காமல் நிற்கக் கூடாது. 600 சொல்லை ஒரே ராத்திரியில் எழுதிவிடுவேன், இங்கே கரண்ட் இருந்தால்.

அன்புடன்,
அக்கா