கருந்துளைதானா, வேறு ஏதாவதா?

கேள்வி: சார், 2020 இயற்பியல் நோபல் அறிவிப்பில் பால்வீதி மையத்தில் இருப்பதைக் கருந்துளை என்றே சொல்லவில்லையாமே?

பதில்: ஆமாம். பரிசு பெற்ற வானியலாளர்கள் கென்செல், கெஸ் இருவருக்குமான குறிப்பில் 'மிகுநிறை அடர்பொருள்' என்றுதான் இருக்கிறது. அவர்கள் அளந்தது விண்மீன்களின் ஓட்டத்தை. எஸ்2 விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை மையத்தைச் சுற்றுகிறது. நடுவில் 40 லட்சம் சூரியன்களுக்கு மேற்பட்ட நிறை இருட்டாகக் கிடக்கிறது என்பது அதிலிருந்து தெரியும். போனால் திரும்ப முடியாத நிகழ்வெல்லை அதற்கு உண்டா என்பது தெரியாது.

கேள்வி: பெரிய நியூட்ரான் விண்மீனாக இருக்கலாமே?

பதில்: வாய்ப்பே இல்லை. நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த உள்ளகம். இரண்டு, இரண்டரைச் சூரிய நிறைக்கு மேல் அது தாங்காது.

கேள்வி: கிராவஸ்டார் என்கிறார்களே, அது என்ன அண்ணா?

பதில்: 2001-ல் மசூர், மோட்டோலா இருவரும் முன்வைத்த யோசனை. உள்ளே வெளிநோக்கித் தள்ளும் வெற்றிட ஆற்றல், சுற்றிலும் மெல்லிய ஓடு. நிகழ்வெல்லை உருவாக வேண்டிய இடத்துக்கு மயிரிழை வெளியே அந்த ஓடு நிற்கும். அடர்த்தி எல்லையற்றுப் போகும் ஒருமைப்புள்ளி கிடையாது, உள்ளே விழுந்ததைப் பற்றிய தகவல் தொலையும் தலைவலியும் கிடையாது. அழகுதான். ஆனால் சாகிற விண்மீன் எந்த வழியாகக் கிராவஸ்டார் ஆகும்? நம்பும்படி யாரும் காட்டவில்லை. என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை அதுதான். போசான் என்னும் வகைத் துகள்கள் ஈர்ப்பால் திரண்டதாகக் கருதப்படும் போசான் விண்மீன் இந்த விஷயத்தில் தேவலாம். அது உருவாவதைக் கணினியில் நடத்திக் காட்டலாம். அதற்கேற்ற துகள்தான் இன்னும் அகப்படவில்லை.

கேள்வி: 2019-ல் எம்87 என்ற விண்மீன் திரளின் நடுவில் உள்ள கருந்துளையின் படமே வந்துவிட்டது. இன்னும் என்ன சந்தேகம்?

பதில்: படத்தின் நடுவே தெரியும் இருண்ட நிழலைத் தீர்மானிப்பது ஒளியே வட்டமடிக்கும் பகுதி. சுழலாத கருந்துளைக்கு அது நிகழ்வெல்லையைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவில் இருக்கும். அதற்குள் அடங்கும் வேறு பொருளும் ஏறக்குறைய அதே நிழலைத் தரலாம். ஆனால் மேற்பரப்பு என்று ஒன்று இருந்தால், விழுகிற வாயு அதில் மோதிச் சூடேறி ஒளிர வேண்டுமே! நம் பால்வீதி மையம் அப்படி ஒளிரவில்லை. நியூட்ரான் விண்மீன்மேல் சேரும் வாயு அவ்வப்போது எக்ஸ் கதிர் வீசி வெடிக்கும். கருந்துளை இருப்பதாக நாம் நினைக்கும் இரட்டை விண்மீன் அமைப்புகளில் அந்த வெடிப்பைக் காணோம். எனக்குப் படத்தைவிட இந்த வாதம்தான் பலமாகப் படுகிறது.

கேள்வி: ஈர்ப்பலையில் எதிரொலி கேட்டதாகப் படித்தேன்?

பதில்: விண்வெளியே நெளிந்து பரவும் அலைதான் ஈர்ப்பலை. இப்படிப்பட்ட இரண்டு பொருள்கள் மோதி ஒன்றானதும், அடித்த மணி மாதிரி அதிர்ந்து அடங்கும். கருந்துளை என்றால் உள்ளே போன அலை போனதுதான். ஓடு இருந்தால் அதில் பட்டுத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். 2015-ல் பதிவான முதல் ஈர்ப்பலையிலேயே அந்த எதிரொலி இருப்பதாக அடுத்த ஆண்டு ஒரு குழு எழுதியது. அப்புறம் மற்றவர்கள் அலசியபோது இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை.