கை எட்டும் தூரம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக மூன்று வாரங்கள் வியன்னாவில் இருக்கிறேன். அம்மாவும் கூட வந்திருக்கிறார். நீங்கள் முன்பு சொல்லியிருந்ததை நம்பி, ஆஸ்திரிய ஓவியர் ஹுண்டெர்ட்வாஸரின் அருங்காட்சியகமான குன்ஸ்ட்ஹவுஸுக்குப் போனோம். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத சன்னல்கள், பல வண்ணத் தூண்கள். விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. தரையெல்லாம் மேடுபள்ளம், மூட்டுவலி உள்ள அம்மா என் கையை விடவே இல்லை. ஓவியங்கள் பிடித்தன. ஆனால் இவரை எப்படிக் கட்டடக்கலைஞர் என்கிறார்கள்? சுவருக்கு வண்ணம் அடிப்பது கட்டடக்கலையா? ஊர் திரும்ப இன்னும் ஒரு நாள் இருக்கிறது. வேறு ஏதாவது பார்க்கலாமா, இத்தோடு விட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அம்மாவின் முழங்கால். அதில் நான் அவர் கட்சி. மேடுபள்ளமான தரை பாதங்களுக்கு இசை என்று ஹுண்டெர்ட்வாஸர் நம்பினார். நான் அங்கே போனபோது நாற்பது வயது. வெகுநாள் கழித்து என் கால்கள் விழித்துக்கொண்டதுபோல் இருந்தது. ஆனால் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி அடி எடுத்து வைப்பவருக்கு அது இசை ஆகாது. அவர் அதை யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. அவர் கட்டடக்கலை படித்தவர் இல்லை, ஓவியர். 1948இல் வியன்னா நுண்கலைக் கழகத்தில் சேர்ந்து மூன்று மாதத்தில் வெளியேறியவர். நீங்கள் பார்த்த கட்டடமும் 1892இல் தோனெட் நிறுவனம் மரச்சாமான் தொழிற்சாலையாகக் கட்டியது. அதை அவர் மாற்றியமைத்து 1991இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அவர் பெயரில் புகழ்பெற்ற குடியிருப்பிலும் யோசெஃப் க்ராவினா என்ற கட்டடக்கலைஞருக்குப் பங்குண்டு. அது யாருடைய படைப்பு என்ற வழக்கு நெடுங்காலம் நடந்து, க்ராவினாவும் இணைப் படைப்பாளியே என்று 2010இல் முடிவானது.

ஆனாலும் வண்ணத்தோடு நின்றுவிட்டால் அவரைத் தவறவிட்டுவிடுவீர்கள். 1958இல் அவர் ஓர் அறிக்கை வாசித்தார். நேர்கோடு கடவுளற்றது என்று சொன்னது அதில்தான். அதன் தொடர்ச்சியாக அவர் வலியுறுத்தியது ‘சன்னல் உரிமை’. வாடகைக்கு இருப்பவர் தன் சன்னல் வழியே எட்டி, கை நீளும் தூரம்வரை வெளிச்சுவரைத் தன் விருப்பப்படி மாற்றலாம். உள்ளே ஒரு மனிதர் வசிக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரிலிருந்து வேறான ஒருவர், என்று தெருவில் போகிறவருக்குத் தெரிய வேண்டும்.

வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு வளர்ந்தவன் நான். அந்த வரியைப் படித்த நாளில் எனக்குத் தொண்டை அடைத்தது.

அவர் ஏன் இதை இவ்வளவு பிடிவாதமாகச் சொன்னார்? அவருடைய தாய் யூதர். தந்தை குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார். நாஜிகள் ஆண்ட வியன்னாவில், சந்தேகம் வராதிருக்க, அந்தச் சிறுவன் ஹிட்லரின் இளைஞர் படையில் சேர்ந்து சீருடை அணிந்தான். தாய்வழி உறவினர் பலர் கொல்லப்பட்டார்கள். எல்லாரையும்போல் தோன்றினால்தான் உயிர் மிஞ்சும் என்ற நிலையில் வளர்ந்தவருக்கு, ஒரே மாதிரி சன்னல்களின் வரிசை வேறு எதையோ நினைவூட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் அந்த ஓவியங்களை மறுபடி பாருங்கள்: சுருள்கள், வீட்டு முகப்புகள், கண்களைப்போல நம்மைப் பார்க்கும் சன்னல்கள்.

ஆகவே மீதமுள்ள நாளில் அந்தக் குடியிருப்பைப் பாருங்கள். கேகல்காஸ்ஸே தெருவில், அருங்காட்சியகத்திலிருந்து சில நிமிட நடை. 1985இல் கட்டி முடித்தது. இது செல்வந்தர் மாளிகை இல்லை, வியன்னா நகராட்சியின் வாடகைக் குடியிருப்பு. அதன் வடிவமைப்புக்கு அவர் ஊதியம் வாங்கவில்லை. அங்கே மரங்களும் குடித்தனம் இருக்கின்றன. வீட்டுக்குள் மண் கொட்டி, வேர் உள்ளேயும் கிளை சன்னலுக்கு வெளியேயுமாக நட்டிருக்கிறார்கள். தூசியை வாங்கிக்கொண்டு நிழலும் காற்றும் தருவதுதான் அவை கொடுக்கும் வாடகை என்பார் அவர். மக்கள் வசிப்பதால் உள்ளே போக முடியாது. எதிர்ப்புறம் நின்று அண்ணாந்து பாருங்கள். ஓடுகளைப் பதித்த வேலையாட்களுக்கும் தம் போக்கில் செய்ய இடம் கொடுத்தார் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், சுவரில் பல கைகளின் தடம் தெரியும். அங்கேயும் நடைபாதை மேடுபள்ளம்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் லாண்ட்ஸ்ட்ராஸே நிலையத்தில் யூ4 ரயில் பிடித்து ஸ்பிட்டெலாவில் இறங்குங்கள். அங்கே 1987இல் தீப்பிடித்த குப்பை எரிப்பு ஆலை இருக்கிறது; தீக்குப் பிறகு அதற்கு அவர் புது முகம் கொடுத்தார். அங்கே எரியும் குப்பையின் சூட்டில்தான் நகரத்து வீடுகள் பல குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கின்றன. நிலையத்துக்கு வெளியே வந்ததுமே புகைபோக்கியின் தங்க உருண்டை கண்ணில் படும். அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை.